காசில்லாதவனின் கடமை

கடன் அட்டையில் வரம்பு தாண்டினால் வங்கி தண்டம் போடுகிறதாம், சிலர் புலம்புகிறார்கள். நன்றி கெட்டவர்கள்! கையில் ஒன்றுமில்லாதவனிடம் இன்னும் ஐந்நூறு ரூபாய் இருக்கும் என்று நம்ப எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! அந்த மனசுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி.

சேமிப்புக் கணக்கில் இருப்பு குறைந்தாலும் இதே கருணைதான். 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை பாரத ஸ்டேட் வங்கி இப்படித் திரட்டியது 1,771 கோடி ரூபாய். அவ்வாண்டு ஜூலை-செப்டம்பர் காலாண்டின் லாபமே 1,581 கோடிதான். இல்லாதவர்கள் இல்லாவிட்டால் வங்கி என்னாவது?

நல்லவாடு என்ற கடலோரக் கிராமத்துக்காரர்களுக்கோ இப்படிப் பிழைக்கத் தெரியவில்லை. 2004 சுனாமியன்று சிங்கப்பூரிலிருந்து எச்சரிக்கை போன் வந்ததும், ஊர் அறிவு மைய ஒலிபெருக்கியில் முன்கூட்டியே சொல்லி ஊரையே காப்பாற்றிவிட்டார்கள். இலவசமாக! வங்கியிடம் விட்டிருந்தால், அலை வடிந்த பிறகு முறைப்படி குறுஞ்செய்தி வந்திருக்கும்: ‘கடல் தன் வரம்பை மீறியதால் உங்கள் கணக்கில் கட்டணம் பிடிக்கப்பட்டது.’

குறுஞ்செய்திக்குத் தனிக் கட்டணம்.