போனுக்குள்ள தோட்டம் செய்யிற தம்பிமாருக்கு

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில சார்ஜரும் போன் கவரும் விக்கிற தம்பிமாரே, யாவாரம் படுத்த நேரம் பாத்து நீங்கள் ஆளையாள் கேக்கிற கேள்வி எனக்கு இப்ப பாடம். "மச்சான், இப்ப என்ன கேம் போகுது?" ஒருத்தன் பப்ஜி எண்டுவான், ஒருத்தன் தோட்டம் எண்டுவான், இன்னொருத்தன் இட்டலி எண்டுவான். பிறகு ஆளுக்காள் தீர்ப்பு. படம் வடிவு, கதை மோசம், கடைசி லெவல் இழுவை. நாட்டாமை தள்ளிக்கொண்டு வாற வண்டில் முதுகில முட்டினாலும் ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறியள் இல்லை. இந்த விசயத்தில என்ர அபிப்பிராயத்தை ஆரும் கேக்கேல்லை. கேட்டு வாங்கிற புத்திக்குத்தான் காசு. கேளாத புத்தி இலவசம், எடுத்துக்கொண்டு போங்கோ.

ஒண்டும் விளங்காமல் அலட்டுற கிழவன் எண்டு நினைக்காதேங்கோ. உங்கட போனை வாங்கி வாங்கி நானும் விளையாடிப் பாத்தனான். சுன்னாகத்துச் செம்மண்ணில வெங்காயமும் புகையிலையும் வைச்ச கை இது. முழங்கால் ரெண்டும் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் பேரன்ர கடை வாசலில ஸ்டூல் போட்டு இருக்கிறன். ஆனபடியால் தோட்டத்தில இருந்தே தொடங்குவம்.

பேரன் வைச்சிருக்கிறது ஹே டே. 2012 இல பின்லாந்துக்காரன் விட்ட கேம். பனிக்குள்ள கிடக்கிறவனுக்குத் தோட்டத்தில எவ்வளவு ஆசை எண்டு அதைப் பாத்தாலே தெரியும். கோதுமை விதைச்சால் ரெண்டு நிமிசத்தில அறுவடை. சோளம் அஞ்சு நிமிசம், கரட் பத்து, கரும்பு அரை மணித்தியாலம். கந்தளாயில கரும்புக்கெண்டு கட்டின சீனித் தொழிற்சாலை பூட்டி முப்பது வருசத்துக்கு மேல. என்ர பேரனோ டெம்பர் கிளாஸ் ஒட்டிற இடைவெளியில ஒரு போகம் கரும்பு வெட்டி முடிக்கிறான். விவசாய அமைச்சுக்கு இவன்ர நம்பரைக் குடுப்பமோ எண்டு யோசிக்கிறன்.

விளைஞ்சதை மறந்துபோய் ஒரு கிழமை விட்டாலும் அது அழுகுறேல்லை, முளைக்கிறேல்லை, நிண்ட இடத்தில நிக்குது. மழை பிந்திறேல்லை. எல்லாத்துக்கும் மேல, குரங்கு வாறேல்லை. குரங்கில்லாத கமத்தை இந்த நாட்டில ஆர் கண்டது? 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி முழு இலங்கைக்கும் கரண்ட் நிண்டது. பாணந்துறை உபமின் நிலையத்துக்குள்ள ஒரு குரங்கு பூந்து மின்மாற்றியில பட்டதாலதான் எண்டு அமைச்சரே சொன்னார். அடுத்த மாசம் 15 ஆம் திகதி, காலமை எட்டு மணியில இருந்து எட்டு அஞ்சு மட்டும், தோட்டத்துக்கு வாற குரங்கு, மயில், அணிலை எல்லாம் எண்ணித் தரச்சொல்லி அரசாங்கம் கேட்டது. எட்டு ஆறுக்கு வந்த குரங்கு கணக்கில இல்லை. இப்பிடி ஒரு லெவலை எந்தக் கேம்காரனுக்கும் யோசிக்கத் தெரியாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லுறன். உங்களுக்கு முந்தின பெடியள் ஃபேஸ்புக்கில ஃபார்ம்வில் எண்டு ஒரு தோட்டம் செய்தவங்கள். 2009 இல தொடங்கினது. அலாரம் வைச்சு நித்திரையால எழும்பி ஸ்ட்ரோபெரி புடுங்கினவங்கள். 2020 டிசம்பர் 31 ஓட கொம்பனி அதை இழுத்து மூடிப்போட்டுது. பயிர் போச்சு, பட்டி போச்சு. உறுதி இல்லாத காணியில கிணறு வெட்டாதே எண்டு என்ர அப்பர் சொல்லுறவர். அவருக்கு ஃபேஸ்புக் தெரியாது, ஆனா காணி தெரியும்.

கல்முனைத் தம்பி கொம்பியூட்டரில விளையாடுற ஸ்டார்டியூ வாலி ஹே டேயைவிட ஒரு படி மேல. எரிக் பரோன் எண்ட அமெரிக்கப் பெடியன் நாலு வருசத்துக்கு மேல தனியாளா இருந்து, படம், பாட்டு, கதை எல்லாத்தையும் தானே செய்து 2016 இல விட்டது. கொம்பனி வேலையில சலிச்சுப்போன ஒருத்தன், செத்துப்போன தாத்தா குடுத்துவிட்ட கடிதத்தை உடைச்சுப் பாத்திட்டு அவற்ற தோட்டத்துக்குப் போறான். கையில பதினஞ்சு கிழங்கு விதை. பருவத்துக்கு இருபத்தெட்டு நாள். மூண்டாம் வருசம் பிறக்கேக்கை தாத்தா ஆவியா வந்து தோட்டத்தைப் பாத்துத் தீர்ப்புச் சொல்லுறார். திறமாச் செய்திருந்தால் நாலு மெழுகுதிரி எரியும்.

எனக்கு மெத்தப் பிடிச்ச ஆள் அந்தத் தாத்தாதான். செத்தும் மேற்பார்வையை விடேல்லை. ஆனா மனுசனுக்குப் பொறுமை கூடிப்போச்சு, ரெண்டு வருசம் காத்திருக்கிறார். நானெண்டால் எட்டுச் செலவு முடியமுன்னம் வந்து நிப்பன். வந்துதான் என்னத்தைப் பாக்கிறது? தோட்டக் காணியை வித்துத்தான் பேரன் இந்தக் கடைக்கு முற்பணம் கட்டினவன். இப்ப கடைக்குள்ள இருந்து போனுக்குள்ள காணி பெருப்பிக்கிறான். எனக்கு மெழுகுதிரி வேண்டாம் ராசா, உன்ர கணக்குப் புத்தகத்தை ஒருக்கால் வெளிச்சத்தில பிடிச்சுக் காட்டு, போதும்.

அந்தக் கேமில என்னை வாய் பிளக்க வைச்சது ஆவியில்லை, ஒரு மரப்பெட்டி. வீட்டு வாசலில இருக்கு. விளைஞ்சதை அதுக்குள்ள போட்டிட்டுப் படுத்தால் விடிய எழும்பேக்கை காசு வந்திருக்கும். ஒரு கிழங்கு போட்டாலும் ஆயிரம் கிழங்கு போட்டாலும் ஒவ்வொண்டுக்கும் அதே விலை. தம்பி, கொஞ்சம் எட்டி நாலாம் குறுக்குத் தெருவைப் பார். லொறி லொறியா வெங்காயமும் உருளைக்கிழங்கும் இறங்குது. ஊரில சாக்குக் கட்டேக்கை போனில ஒரு விலை, லொறி முறிகண்டி தாண்டேக்கை ஒரு விலை, இங்க மூட்டை இறங்கேக்கை இன்னொரு விலை. இறக்குமதி வெங்காயம் வந்திட்டுது ஐயா எண்டு ஒரு பெருமூச்சும் இலவசம். எங்கட பக்கத்துச் சந்தை ஒண்டில நூறு கிலோ கொண்டு போனால் பத்துக் கிலோவைக் கழிவு எண்டு தள்ளிப்போட்டுத் தொண்ணூறுக்குத்தான் காசு எண்ணினவங்கள். சாமான் பழுதோ எண்டு கேட்டால் இல்லையாம், பழக்கமாம். அந்த மரப்பெட்டிக்கு இந்தப் பழக்கம் ஒண்டும் தெரியாது.

விதி மாறினாலும் கேம்காரன் அப்டேட் எண்டு பேர் வைச்சு, என்னென்ன மாறினது எண்டு வரிசையா எழுதிப் போடுறான். எங்கட அப்டேட் இரவோட இரவா வர்த்தமானியில வரும். 2021 மே மாசம் ரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை எண்டு ஒண்டு வந்துது. யூரியா இல்லாமல் நெல்லு மஞ்சளிச்சுது, தேயிலை படுத்துது, கமக்காரர் றோட்டுக்கு வந்தினம். நவம்பரில தடையை எடுத்தினம். போன போகத்தை ஆரும் திருப்பித் தரேல்லை. கேமில எண்டால் சேவ் பண்ணின இடத்தில இருந்து திரும்பத் தொடங்கலாம். கமக்காரனுக்கு அந்தப் பட்டனை ஒரு அரசாங்கமும் வைச்சுத் தரேல்லை.

அதனாலதான் "இந்தக் காலத்துப் பெடியளுக்குக் கேம் விசர்" எண்டு ஊர் சொல்லேக்கை நான் தலையாட்டுறேல்லை. உங்களுக்கு நாக்கில பட்ட ருசி என்னெண்டு எனக்குத் தெரியும். விதைச்சவனுக்கு விளையுது. விளைவிச்சவனுக்கு விலை கிடைக்குது. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே விதி, ஆற்றை மருமகன் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. அந்தச் சாமானுக்குப் பேர் நியாயம். புறக்கோட்டையில கிடைக்காத சாமான் இல்லை எண்டுவினம், அதை மட்டும் நீங்கள் போனுக்குள்ள தேட வேண்டிக் கிடக்கு.

அதுக்காக முழுக்க நம்பிப்போடவும் வேண்டாம். போனுக்குள்ளயும் ஒரு முதலாளி இருக்கிறார். கோதுமையை ரெண்டு நிமிசத்தில தந்து கையைப் பழக்கிப்போட்டு, பூசணிக்கு மூண்டு மணித்தியாலம் காக்க வைப்பார். காக்க ஏலாதவனுக்கு வைரம் விப்பார். ப்ரீ ஃபயர் எண்ட துவக்குக் கேமிலயும் அதே வைரம்தான். முதல் நாள் மலிவாக் குடுத்து வாடிக்கை பிடிக்கிற வித்தையை எங்கட தெருக்காரருக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனா நாலு எட்டு வைச்சால் செட்டியார் தெரு. அங்க வாங்கின நகையை ஆபத்து அந்தரத்துக்கு அடைவு வைக்கலாம். ப்ரீ ஃபயர் வைரத்தை எந்த அடைவுகடைக்காரன் உரசிப் பாப்பான்? முன்கடைப் பெடியன் போன மாசம் காசு கட்டித் தன்ர துவக்குக்குப் பூப்போட்ட சட்டை வாங்கினவன். அவன்ர சேட்டுக் கொலர் தேஞ்சு நூல் தொங்குது.

பப்ஜியைப் பற்றி நான் கனக்கச் சொல்லேல்லை. நூறு பேர் பிளேனில இருந்து தீவுக்குள்ள குதிக்கிறாங்கள். வட்டம் சுருங்கச் சுருங்க உள்ளுக்கு ஓட வேணும். கடைசியா மிஞ்சினவனுக்குக் கோழிச் சாப்பாடு எண்டு எழுத்தில காட்டுறாங்கள், சட்டியில ஒண்டும் இல்லை. வாயால வடை சுடுற ஆக்கள் எல்லா நாட்டிலயும் இருக்கினம். வட்டம் சுருங்கிற அந்த விளையாட்டை 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டையில இடம்பெயந்த வலிகாமத்துச் சனம் முழுக்க விளையாடிக்கொண்டுதான் நாவற்குழிப் பாலம் தாண்டினது. கிழவி, கைக்குழந்தை, சைக்கிள், தையல் மெசின், எல்லாம் சேந்து ஒரு ஸ்குவாட். எங்களுக்குக் கோழிச் சாப்பாடு கிடைக்கேல்லை. கோழியைக் கூட்டோட விட்டிட்டு வந்திட்டம்.

இனி அட்டன் தம்பி. இவன் கடை லப்டொப்பில வெண்பா எண்ட தமிழ்க் கேமை விளையாடிப்போட்டு மூக்கைச் சீறினவன். ரொறன்ரோவில இருக்கிற விசை கேம்ஸ் எண்ட சின்னக் கொம்பனி 2023 இல விட்டது. அடுத்த வருசம் பாஃப்டா விருதும் எடுத்தது. 1980களில கனடாவில குடியேறின வெண்பா, புருசன் பாவலன், பிறகு மகன் கவின். வெண்பாவின்ர தாயின்ர சமையல் கொப்பி கிழிஞ்சு கறைபட்டுக் கிடக்கு. எழுத்து அழிஞ்ச இடத்தை நாங்கள் மூளையைப் பாவிச்சு நிரப்பிச் சமைக்க வேணும். இட்டலித் தட்டை எப்பிடி அடுக்கினால் ஆவி ஏறும் எண்டு இவன் யோசிச்ச யோசனையை ஓ-லெவலுக்கு யோசிச்சிருந்தால் இண்டைக்கு டொக்டர். கதையில மகன் தமிழையும் தாயையும் விட்டு விலகிப் போற இடத்தில இவனுக்குக் கண் கலங்கிப்போச்சு. நல்லது, இரக்கமுள்ள பெடியன். அதே நேரம் மேசையில இவன்ர போன் அடிச்சுது. அம்மா எண்டு பேர் விழுந்துது. கதை குழம்பும் எண்டு போனைக் கவிட்டு வைச்சான். இட்டலி பிழைச்சால் கேம் திரும்ப அவிக்க விடும் தம்பி. அட்டனில இருக்கிற மனுசி அவ்வளவு விட்டுக்குடுக்காது. தீபாவளிக்குப் போகேக்கை அகப்பைக் காம்பால விளங்கப்படுத்தும்.

"ஐயா, உங்கட காலத்தில நீங்கள் விளையாடேல்லையோ?" எண்டு கேக்கிறியள். விளையாடாமல்? முந்நூற்றிநாலு எண்ட சீட்டாட்டம். கலியாண வீடு, செத்த வீடு எண்டில்லை, பாய் விரிச்ச இடமெல்லாம் விடிய விடிய. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒண்டுமில்லை. கூட்டிப் பார், ஒரு பூவுக்கு 76, நாலுக்கும் 304. ராசாவை மூண்டு புள்ளிக்கு இறக்கிப்போட்டுச் சேவகனுக்கு முப்பது குடுத்த விளையாட்டு. பகலில விதானையாரைக் கண்டால் தோளில கிடந்த சால்வையை இறக்கிற மனுசன், இரவில பாயில குந்தினவுடன ராசாவைப் படார் எண்டு வெட்டுவான். அந்தச் சத்தத்தைக் கேட்டால் நாட்டையே பிடிச்சிட்டான் எண்டு நினைப்பாய். விடிஞ்சாப்போல சீட்டை அடுக்கி வைச்சிட்டுத் திரும்பச் சால்வையை இறக்குவான். உங்கட மரப்பெட்டி நியாயமும் அந்தப் பாயோட நிண்டுபோகப் பாக்குது.

ஆனபடியால் நான் கேமை விடச் சொல்லேல்லை. விளையாடுங்கோ. ஆனா ஒண்டு கேக்கிறன். நாளைக்கு அந்தக் கேமில "இனிப் பத்து வீதம் கழிவு" எண்டு ஒரு அப்டேட் வந்தால் என்ன செய்வியள்? ஒற்றை நட்சத்திரம் குத்தி, கொம்பனிக்காரன்ர பரம்பரையை இழுத்துத் திட்டி, அவன் மன்னிப்புக் கேக்கும் வரைக்கும் நித்திரை கொள்ள மாட்டியள். அந்த வாயில கால்வாசியை மூட்டை நிறுக்கிற இடத்துக்குக் கொண்டு வாங்கோ. இங்கயெண்டாலும் சரி, ஊர்ச் சந்தையிலயெண்டாலும் சரி, தராசுக்குப் பக்கத்தில நிண்டு, "இந்தக் கழிவு எந்த வர்த்தமானியில இருக்கு முதலாளி?" எண்டு மரியாதையாக் கேளுங்கோ. முதல் தரம் ஏச்சு விழும். ரெண்டாம் தரம் தேத்தண்ணி வரும். மூண்டாம் தரம் பத்து எட்டாக் குறைஞ்சாலும் அது நாங்கள் ஏறின லெவல்தான். அண்டைக்கு எனக்கும் ஒரு பிளேன் ரீ வாங்கித் தாங்கோ. சீனி போட வேண்டாம். சீனி விசயத்தில நான் டொக்டரே பயப்பிடுற லெவலுக்கு எப்பவோ போயிட்டன்.