கவலையியல்: பெற்றோர் படலம்

பாயிரம்

இந்நூல் சென்னை மாநகரில் சிறுபிள்ளை வளர்ப்போர்க்கு வானத்தால் வரும் கவலையை வகுத்து உரைப்பது. கேட்டற்கு உரியோர், பிள்ளை தூங்கியபின் போனைத் திறப்போர். பயன், அவரும் தூங்குதல்.

1. வானம் மிகினும் கவலை, பொய்ப்பினும் கவலை.

உரை: மிகுதி என்றது, 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் கொட்டிய 49 சென்டிமீட்டர் மழையை. பொய்த்தல் என்றது, 2019இல் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்ததை. இரண்டும் நான்கு ஆண்டுக்குள் நிகழ்ந்தமையின், கவலைப்படுவோரை வேலையற்றவர் என்பார் கூற்று பொருந்தாது.

2. கவலையர் ஐவகைப்படுவர்: நோக்குநர், ஈட்டுநர், கணக்கர், நோன்பியர், கூடுநர்.

3. நோக்குநர் ராடார் பார்த்தே இரவைக் கழிப்பர்.

உரை: இவர் வீட்டுப் பிள்ளை நிறங்களை வானிலை எச்சரிக்கையில் கற்கும். மஞ்சள் என்றால் குடை, ஆரஞ்சு என்றால் ஐயம், சிவப்பு என்றால் லீவு. தந்தை மேகத்தைக் கண்டு நடுங்குகையில், பிள்ளை கேட்பது ஒன்றே: “கலெக்டர் சொல்லிட்டாராப்பா?”

4. ஈட்டுநர் பொருள் குவித்து அச்சம் தணிவர்.

உரை: பொருளாவன பால் பவுடர், மெழுகுவர்த்தி, பவர் பேங்க். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் பால் பாக்கெட்டுக்கு அலைந்தோர் இம்மரபினர். இவருள் ஒரு கிளையார், 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் கேட்டதும் காரை வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினர். கார் ஏறியது, கவலை வீட்டிலேயே இருந்தது என்பது உய்த்துணரத் தக்கது.

5. கணக்கர் பிள்ளையின் வயதை 2050இல் வைத்து எண்ணுவர்.

உரை: 2021இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியா உட்படப் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் பருவநிலை பற்றிக் கேட்டனர். மிகவும் அல்லது அளவுகடந்து கவலைப்படுவதாகச் சொன்னோர் 59 சதவீதத்தினர். எனவே பிள்ளையிடம் மறைத்து வைப்பதால் பயனில்லை, வளர்ந்தால் தானே கண்டுகொள்ளும். ஆயினும் நான்கு வயதில் ஆய்வறிக்கையை ஊட்டல் வேண்டா. கேட்டதற்கு மட்டும் விடை கூறுக.

6. நோன்பியர் தம் குற்றவுணர்வைப் பிள்ளை தலையில் ஏற்றுவர்.

உரை: மஞ்சப்பை எடுத்தலும் பிளாஸ்டிக் தட்டு விலக்கலும் நன்றே. 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை அரசே தடை செய்தது. குற்றம் எதுவெனின், “குழாயை மூடு, இல்லேன்னா பனிக்கரடி செத்துடும்” என்றல். “பனிக்கரடியும் மெட்ரோ வாட்டரா குடிக்குது?” என்று பிள்ளை கேட்டால் அவ்வுரை அங்கேயே தோற்றது. கேளாது அழுதால், தோற்றவர் பெற்றோர். பெரியவர் ஆலையும் மின்நிலையமும் கட்டிச் சேர்த்த கரிக்கு, பல் துலக்கும் பிள்ளை பொறுப்பாகாது.

7. கூடுநர் கவலையைத் தெருவுக்குக் கொணர்வர்.

உரை: மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். குழி உண்டு, ஆனால் பல குழிகள் மண் அடைத்துக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அக்கம்பக்கத்தார் கூடி அவற்றைத் தூர்வாருவர், பிள்ளை கூழாங்கல் கழுவும். பின்னர்ப் பள்ளிக்கரணைக்கு அழைத்துப்போய்ப் பறவை காட்டுவர். 2022இல் ராம்சர் தளமான அச்சதுப்புநிலம் சுருங்கச் சுருங்க, நீர் தெருவில் இடம் தேடும் என்பதைப் பிள்ளை கண்ணால் அறியும்.

குழி தூர்வாரினால் புவி வெப்பம் குறையுமோ எனின், குறையாது. நிலத்தடியில் நீர் இறங்கும், மாடிவீட்டு அக்கா பெயர் தெரியும். வெள்ளத்தன்று பால் பவுடர் கடன் கேட்க அது போதும். அன்றியும், பெரியவர் கை அசையக் கண்ட பிள்ளைக்கு அச்சம் பாதியாகும்.

8. புறனடை.

இவ்வகைப்பாடு மாடியும் காரும் உடையார்க்கே. ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்துப் பெரும்பாக்கத்தில் குடியேற்றப்பட்டோர்க்கு வெள்ளம் கவலையின் வகையன்று, முகவரி மாற்றம். அவரை விட்டுவிட்டு நடத்தும் கூட்டம் கூட்டமாகாது.

ஐவருள் முதல் நால்வர் தனித்தனியே அஞ்சுவர், கூடுநர் ஒருவரே அச்சத்துக்கு வேலை கொடுப்பர். ஆதலால், அக்டோபர் பிறக்குமுன் உங்கள் வீட்டு மழைநீர்க் குழியின் மூடியைத் திறந்து பாருங்கள். பக்கத்து வீட்டாரையும் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.