வனத்து அந்தோணியாரின் கீரைப் பாத்தி

கே: எங்கள் பங்கில் ஜனவரியில் ஒரு அந்தோணியார், ஜூனில் ஒரு அந்தோணியார். ஒருவருக்கே இரண்டு திருவிழாவா?

ப: பெயர் ஒன்று, ஆள் இரண்டு. ஜூன் 13 பதுவை அந்தோணியாருக்கு. லிஸ்பனில் பிறந்த அவரின் இயற்பெயர் ஃபெர்னாண்டோ. 1220இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோது, ஜனவரி 17க்கு உரிய எகிப்தியரான வனத்து அந்தோணியாரின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போமே, அந்த உறவு!

கே: பாலைவனத்தில் வாழ்ந்தவர் எப்படி 'வனத்து' அந்தோணியார் ஆனார்?

ப: மரத்தைத் தேடாதீர்கள். தமிழ் வேதாகமத்தில் வனாந்தரம் என்றால் ஆளரவமற்ற வெளி. அந்த வனம்தான் இது.

கே: பெற்றோர் இறந்து ஆறு மாதத்தில் சொத்தை உதறிவிட்டுப் போனாராம். தங்கையின் கதி?

ப: நானும் இந்த இடத்தில் நின்று யோசித்திருக்கிறேன். சுமார் 200 ஏக்கர் நிலம் ஊராருக்குப் போயிற்று. தட்டுமுட்டுச் சாமான்களை விற்ற காசு ஏழைகளுக்கு. தங்கைக்கென்று எடுத்துவைத்த கொஞ்சத்தையும் பிறகு கொடுத்துவிட்டு, நம்பிக்கையான கன்னியர்களிடம் அவளை ஒப்படைத்தார். பல ஆண்டு கழித்து, தான் தனியே வாழ்ந்த மலையிலிருந்து வந்தவர், தலை நரைத்த தங்கை மற்றக் கன்னியர்களை வழிநடத்துவதைப் பார்த்து மகிழ்ந்தார். அந்தச் சந்திப்பைப் படித்த பிறகுதான் எனக்கு மனம் ஆறியது.

கே: எழுதப் படிக்கத் தெரியாதவரா?

ப: பள்ளிக்கூடம் பிடிக்காத பிள்ளை. கோவிலில் வாசிக்கக் கேட்டதெல்லாம் நெஞ்சில் தங்கியது. அவர் வரலாற்றை எழுதியவர் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார். 386இல் மிலான் நகரில் அந்தக் கதையைக் கேட்டு உள்ளம் உடைந்தவர் ஒரு பேச்சுக்கலைப் பேராசிரியர். பெயர் அகுஸ்தீன்!

கே: மனிதர்களைப் பிடிக்காமல்தானே ஓடினார்?

ப: இல்லவே இல்லை. பாழடைந்த கோட்டையில் 20 ஆண்டு தனியே இருந்தார். ஆண்டுக்கு இரண்டு முறை ரொட்டி மட்டும் உள்ளே போகும். ஆனால் 311இல் அலெக்சாந்திரியாவில் கிறிஸ்தவர்களைப் பிடித்துக் கொன்றபோது, சிறையில் இருந்தவர்களைத் தேடி நகரத்துக்கே போனார். பிறகு செங்கடல் பக்கத்து மலை. தனக்கு ரொட்டி சுமந்து வந்து யாரும் சிரமப்பட வேண்டாம் என்று மண்வெட்டியும் கோடரியும் கொஞ்சம் விதைத் தானியமும் கேட்டு வாங்கி, தானே கோதுமை பயிரிட்டார். அப்புறம் பக்கத்தில் ஒரு கீரைப் பாத்தி. அது அவருக்கல்ல, அவ்வளவு தூரம் கரடுமுரடான வழியில் நடந்து வருகிறவர்களுக்கு வாய்க்கு இதமாக ஏதாவது வேண்டுமே என்று! தண்ணீர் குடிக்க வந்த காட்டு விலங்குகள் பாத்தியை மிதித்துப் போட்டன. அவர் கல்லை எடுக்கவில்லை. ஒன்றை மெதுவாகப் பிடித்து நிறுத்தி, "நான் உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லையே, நீங்கள் ஏன் செய்கிறீர்கள்?" என்கிற மாதிரி நியாயம் கேட்டாராம். அதன் பிறகு அவை அந்தப் பக்கம் வரவில்லை என்கிறார் அத்தனாசியார்.