மடித்துக் கட்டு: இளவேனிற்கால ஆடவர் உடைப்போக்கு பற்றி ஓர் ஆய்வு

மார்ச் பிறந்ததும் மேல்நாட்டு ஆடவர் உடை இதழ்கள் ஒரே அறிவுரையைத் தூசி தட்டி அச்சிடுகின்றன: வசந்தம் வந்தாயிற்று, கனத்த கோட்டைக் கழற்றுங்கள், மெல்லிய துணிகளை அடுக்கடுக்காக அணியுங்கள், வெயில் ஏறினால் ஓர் அடுக்கை எடுத்துவிடலாம். லண்டனுக்குச் சரி. நம்முடைய இளவேனில் சித்திரையும் வைகாசியும். வேலூரும் கரூர் பரமத்தியும் 40 டிகிரியைத் தாண்டும் காலம். மே 4 வாக்கில் கத்திரி வேறு வந்து உட்கார்ந்துகொள்ளும். கழற்றக் கோட்டும் இல்லை, அடுக்கத் தெம்பும் இல்லை. அதற்காக அடுக்குமுறை தமிழனுக்குத் தெரியாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரே துணியில், நின்ற இடத்திலேயே, ஓர் அடுக்கை இரண்டாக்கவும் இரண்டை ஒன்றாக்கவும் அறிந்தவன் அவன். அந்தக் கலைக்கு மடித்துக் கட்டு என்று பெயர்.

முதலில் அளவுகள். நாலு முழ வேட்டியின் நீளம் ஏறக்குறைய 2 மீட்டர். எட்டு முழம் அதன் இரட்டிப்பு. அகலம் சுமார் 50 அங்குலம். இடுப்புச் சுருட்டலுக்குப் போக மீதி கணுக்காலைத் தொடும். கீழ் விளிம்பைத் தூக்கி இடுப்பில் செருகினால் முழங்காலை ஒட்டி நிற்கும். உள்ளே இருக்கும் பட்டாபட்டி டவுசரின் விளிம்புக்கும் வேட்டி மடிப்புக்கும் இடையில் மிஞ்சுவது இரண்டோ மூன்றோ அங்குலம். அந்த இடைவெளியில்தான் குடும்ப கௌரவம் குடியிருக்கிறது. புது டவுசர் வாங்கும்போது இடுப்பளவை மட்டும் சொல்லி நீளத்தைக் கடைக்காரரிடம் விட்டுவிடும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செயல்முறை இரு வகை. குனிந்து இரு கையாலும் விளிம்பை எடுப்பது பாமர வழி. தேர்ந்தவர்கள் குனிவதில்லை. குதிகாலால் பின்பக்கமாக ஒரு தட்டு. பறந்து வரும் விளிம்பைக் கை பார்க்காமலே பிடிக்கும். மறு கை எதிர் முனையைக் கொண்டுவரும். தொப்புளுக்குக் கீழே ஒரு முடிச்சுப் போலச் செருகல். பேச்சு நடுவில் அறுபடாமல் இதைச் செய்ய வேண்டும் என்பது விதி. வாக்கியத்தின் எழுவாயில் தட்டி, பயனிலைக்குள் செருகி முடிப்பவர்களை டீக்கடை வாசல்களில் கண்டிருக்கிறோம். வெல்க்ரோ ஒட்டிப் பையும் வைத்து விற்கும் வேட்டிகளை இவ்வாய்வு கணக்கில் சேர்க்கவில்லை. அவை நழுவாது என்கிறார்கள். நழுவுமோ என்ற பயம் இல்லாத இடத்தில் கலை எப்படி வளரும்?

இனி, ஏன் மடித்துக் கட்டுகிறார்கள்? வெப்பம்தான் காரணம் என்பது பரவலான கருத்து. காற்றோட்டம் வேண்டாமா என்பார்கள். இது சோதனையில் தேறவில்லை. மடித்தால் முழங்காலுக்குக் கீழே காற்றுப் படும், உண்மை. ஆனால் தொடைமேல் துணி இரட்டிப்பாகிவிடுகிறது. லாபமும் நட்டமும் நேர் செய்துகொள்கின்றன. மேலும், இரவு பத்து மணிக்குத் தென்றலில் திண்ணையில் இருப்பவர் மடித்துக் கட்டியிருக்கிறார். உச்சி வெயிலில் தேர் வடம் பிடித்த கூட்டத்துக்கு நடுவே கோயிலுக்குள் நுழைபவர் இறக்கிவிட்டிருக்கிறார். வெப்பமானியைப் பார்த்து வேட்டி ஏறி இறங்குவதாக இருந்தால் இது தலைகீழாக அல்லவா நடக்க வேண்டும்?

எமது முடிபு இது: வேட்டியின் நீளம் எதிரே வருபவரைப் பொறுத்தது. பெரியப்பா, பழைய தலைமை ஆசிரியர், சம்பந்தி, துக்க வீடு, இவற்றுக்கு முழு இறக்கம். நாலு வயது மூத்த பங்காளி அண்ணனுக்கு முழுதாக இறக்கினால் அவரே கூச்சப்படுவார். கையைச் செருகல் வரைக்கும் கொண்டுபோனால் போதும், அதற்குள் “அட, இருக்கட்டும்ப்பா” என்று அவர் தடுத்துவிடுவார். தடுக்காமல் நின்று பார்க்கிற அண்ணன்களும் உண்டு. அவர்களுக்குப் பாகப்பிரிவினையில் ஏதோ மனக்குறை இருக்கிறது என்று கொள்க. கடன் கொடுத்தவருக்கு இறக்குவதா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. பெரும்பாலோர் அவரைக் கண்டதும் இறக்காமல், மடித்துக் கட்டிய வசதியைப் பயன்படுத்தி வேகமாக நடந்துவிடுகிறார்கள்.

நிறப் போக்குக்கு வருவோம். மற்ற நாடுகளில் இளவேனில் நிறத்தைப் பாரிஸும் மிலானும் தீர்மானிக்கின்றன. இங்கே தேர்தல் ஆணையம் தீர்மானிக்கிறது. 2011, 2016, 2021 மூன்று சட்டமன்றத் தேர்தல்களிலும் வாக்குப்பதிவு ஏப்ரலிலோ மே மாதத்திலோதான். முடிவுகளும் மே மாதத்தில்தான். ஆக, எந்தக் கரை வேட்டி அந்தப் பருவத்துக்கு எடுப்பாக இருக்கும் என்பது அக்கினி நட்சத்திரத்தை ஒட்டித் தெரிந்துவிடும். நடுநிலையாளர்கள் அதுவரை சந்தனக் கரையில் இருப்பது நலம்.

சட்டப் பின்புலத்தையும் தொட்டுச் செல்ல வேண்டும். 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் கிரிக்கெட் சங்க மன்றம் ஒன்று உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் இயற்றியது: வேட்டிக்காக வாசலில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். மடித்துக் கட்டியபடி வந்தால் இதே பாதுகாப்பு கிடைக்குமா என்பதைச் சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு விட்டுவிடுகிறோம்.

வைகாசிக் கல்யாணங்களுக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பந்தியில் சாம்பார் வாளி தூக்குபவர் மடித்துக் கட்டியிருப்பார். “அந்தப் பக்கம் அப்பளம் வரலை பாரு” என்று குரல் மட்டும் கொடுப்பவர் விளிம்பு நுனியை ஒரு கையால் பிடித்தபடி நடப்பார். மேடைப் பேச்சாளர்களும் இந்த நுனிப்பிடியைக் கையாள்வதுண்டு. உழைக்கத் தயார், ஆனால் இப்போது இல்லை என்பது இதன் பொருள். எட்டு முழத்தில் நன்றாக எடுபடும். நாலு முழத்தில் முயன்றால் காற்று காட்டிக்கொடுத்துவிடும்.

தீராத சிக்கல் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஒரு கையில் டீ கிளாஸ், மறு கையில் சட்னி சொட்டும் பஜ்ஜி. வேட்டியோ மடிப்பில். அந்நேரம் பார்த்துத் தெருமுனையில் தாய்மாமன். கிளாஸை வைக்க இடமில்லை, பஜ்ஜியை வாயில் போட்டால் சூடு. அனுபவசாலிகள் இரண்டு முழங்காலையும் லேசாக மடக்கி, “வாங்க மாமா” என்று உடம்பைக் குறுக்குகிறார்கள். ஆள் ஆறங்குலம் தாழ்கிறார், விளிம்பும் தரைக்கு ஆறங்குலம் நெருங்குகிறது. கணக்கில் இது இறக்கிவிட்டதற்குச் சமம், மாமாக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.