ஆடிஷன் புகு படலம்: முதன்முறை பேஸ் கிட்டார்க்காரர் குறித்த ஓர் ஆய்வு

பாயிரம்

பாடகருக்குத் தொண்டை கட்டினால் கச்சேரி நின்றுபோகும். டிரம்மர் வராவிட்டாலும் அதே கதிதான். பேஸ் கிட்டார்க்காரர் வராவிட்டால் மட்டும் மூன்றாவது பாட்டு வரைக்கும் "என்னமோ குறையுதே" என்று எல்லோரும் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்படிப்பட்ட ஒருவரைக் குழுவில் சேர்க்க ஆடிஷன் என்று ஒன்று நடக்கிறது. அதற்கு அவர் எவ்வாறு ஆயத்தமாவது என்னும் கேள்விக்கு அறிவுலகம் உரிய மரியாதை தரவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரை நுதலிய பொருள்.

கருதுகோள் வருமாறு: பேஸ் ஆடிஷனில் பேஸ் வாசிப்புக்கு மூன்றாம் இடமே கிடைக்கும். முதலிரண்டு இடங்களுக்குப் போட்டி பலமாக இருக்கிறது. சான்றுகள் பெரும்பாலும் லண்டனிலும் கலிஃபோர்னியாவிலும் 1962 முதல் 2003 வரை நடந்த ஆடிஷன்களிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன. வாசிப்பவரைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, முகம் பாராமல் கேட்கும் சிம்பொனி இசைக்குழுக்கள் ஆய்வெல்லையிலிருந்து நீக்கப்பட்டன. அங்கே வாசிப்பைத் தவிர வேறெதையும் கவனிக்க வழியில்லை. ஆகவே அவை நம் கருதுகோளுக்கு உதவா.

வரலாற்றியல்

ஃப்ரெட் வைத்த மின்சார பேஸை 1930களிலேயே சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் செய்து பார்த்தார். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. 1951-இல் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்களின் முதுகு அன்றுதான் நிமிர்ந்தது. கழுத்தில் ஃப்ரெட் இருப்பதால் விரலை வைத்த இடத்தில் சுரம் துல்லியமாக விழும், பெயரும் அதனால் வந்ததே. கூடவே ஒரு நஷ்டமும் நேர்ந்தது. சுருதி பிசகினால் கருவியின் மேல் பழிபோடும் வசதி அந்த ஆண்டோடு பறிபோயிற்று.

இனி, இக்கருவியை எடுத்தவர்களில் கணிசமானோர் அதை விரும்பி எடுத்தவர்களே அல்லர் என்பது கருதத்தக்கது. 1961-இல் ஹாம்பர்க்கில் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் ஓவியம் தீட்டப் போவதாகச் சொல்லிப் பீட்டில்ஸிலிருந்து விலகினார். பேஸ் பால் மெக்கார்ட்னி தலையில் விழுந்தது. கரோல் கே லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர். 1963-இல் ஒருநாள் பேஸ் வாசிப்பவர் வராமற்போகவே அதை இவர் கையில் கொடுத்தார்கள். பிற்பாடு அமெரிக்காவில் மிக அதிகமான ஒலிப்பதிவுகளில் பேஸ் வாசித்தவர்களுள் ஒருவரானார்.

நோயல் ரெடிங்கின் வழக்கு இவற்றுள் தலையாயது. 1966 செப்டம்பரில் லண்டனில் பாடகர் எரிக் பர்டனின் குழுவில் கிட்டார் வாசிக்க ஆடிஷன் கொடுக்கப் போனார். அங்கிருந்த சாஸ் சாண்ட்லர், தாமே பேஸ் வாசித்தவர், "அமெரிக்காவிலிருந்து ஒரு பையனைக் கூட்டி வந்திருக்கிறேன், அவனோடு பேஸ் வாசிக்கிறாயா" என்று கேட்டார். ரெடிங் அதுவரை பேஸைத் தொட்டதில்லை. பையன் பெயர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். ரெடிங்கின் சிகையலங்காரம் ஹெண்ட்ரிக்ஸுக்குப் பிடித்துப்போனது என்பதும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. வேலை கிடைத்தது. பேஸ் ஆடிஷனுக்கான ஆயத்தம் என்பது தலைமுடியிலிருந்து தொடங்குகிறது என்று இதனால் பெறப்படும். வழுக்கை விழுந்தோர் மனம் தளர வேண்டா, அவர்களுக்கு ஆம்ப் இருக்கிறது.

ஆம்ப் இயல்

1962 டிசம்பர். செல்சியில் ஒரு மதுக்கடையின் பின்னறையில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட சில பையன்கள் பேஸ் வாசிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். வந்தவர் பில் வைமன். வயது 26, கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தது. பையன்களோ இருபதை எட்டியும் எட்டாமலும் இருந்தவர்கள், கையில் காசில்லாதவர்கள். இவர் தலைவாரிய விதமும் உடையும் அவர்களுக்கு ரசிக்கவில்லை. ஆனால் இவர் கொண்டுவந்து இறக்கிய வாக்ஸ் ஆம்ப் ரசித்தது. சிகரெட் பாக்கெட்டை வேறு நீட்டினார். அவர் கையிலிருந்த பேஸ், பழையதாக வாங்கி ஃப்ரெட்டுகளைத் தாமே பிடுங்கி எறிந்த ஒன்று. அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை. சேர்த்துக்கொண்டார்கள், சுமார் முப்பது ஆண்டுகள் வாசித்தார்.

மறுதலைச் சான்றும் உண்டு. அதே ஆண்டு ஜனவரி 1 அன்று லண்டனில் டெக்கா நிறுவனத்தின் ஆடிஷனுக்குப் பீட்டில்ஸ் போனார்கள். அவர்களுடைய ஆம்ப்கள் ஒலிப்பதிவுக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கிவிட்டு ஸ்டூடியோவின் ஆம்ப்களில் வாசிக்கச் சொன்னார்கள். பதினைந்து பாட்டு வாசித்தார்கள், தேறவில்லை. ஜூன் 6-ஆம் தேதி இஎம்ஐயின் அபே ரோடு ஸ்டூடியோவுக்குப் போனபோது மெக்கார்ட்னியின் பேஸ் ஆம்ப் இரைந்தும் அதிர்ந்தும் மானத்தை வாங்கியது. ஸ்டூடியோ பொறியாளர்கள் எதிரொலி அறையிலிருந்து ஒரு பெரிய டான்னாய் ஸ்பீக்கரைத் தூக்கிவந்து, ஒயரைப் பற்றவைத்து, அவசரத்துக்கு ஓர் ஏற்பாடு செய்துகொடுத்த பிறகே வேலை தொடங்கியது. இந்த ஆடிஷனின் பின்விளைவு ஆய்வாளரைத் திகைக்க வைப்பது. பழுதானது பேஸ் வாசித்தவரின் ஆம்ப். ஆகஸ்டில் வேலை போனதோ டிரம்மர் பீட் பெஸ்ட்டுக்கு. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு டிரம்ஸ் திருப்தியளிக்கவில்லை என்பது மெய்யான காரணம். ஆயினும் டிரம்மர்கள் பேஸ்காரரின் கேபிளையும் ஒருமுறை சரிபார்ப்பது நலம்.

ஆம்ப் சொந்தமாக இல்லாதவர் சாலிடரிங் கற்கலாம். குவீன் குழு மூன்று பேஸ்காரர்களை மாற்றிப் பார்த்துவிட்டு, 1971-இல் இம்பீரியல் கல்லூரியின் விரிவுரை அறையொன்றில் ஜான் டீக்கனை வாசிக்கச் சொல்லிக் கேட்டது. டீக்கன் மின்னணுவியல் மாணவர், அதிகம் பேசாதவர். மற்ற மூவரும் ஒருவரை ஒருவர் விஞ்சும் ஆர்ப்பாட்டக்காரர்களாக இருந்தபடியால் நான்காமவர் வாய் திறக்காதவராக இருப்பது குழுவுக்கு வசதி என்று கருதினார்கள். மின்னணு கைவேலை தெரிந்தவர் என்பதும் அவர் பக்கம் தராசைச் சாய்த்தது. நம்பிக்கை வீண்போகவில்லை. குப்பைத்தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் பலகையை எடுத்து அவர் செய்த சின்ன ஆம்ப்பைக் கிட்டாரிஸ்ட் பிரையன் மே குவீன் ஒலிப்பதிவுகளில் பல ஆண்டு பயன்படுத்தினார். 1980-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' பாட்டை எழுதியவரும் அந்தப் பேசாத மனிதரே. அதில் பேஸ்தான் பாட்டு, மற்றதெல்லாம் பக்கவாத்தியம்.

மிகைத்திறன் இயல்

நன்றாக வாசித்தால் போதாதா என்பார்க்கு விடை 1986-இல் இருக்கிறது. அந்தச் செப்டம்பரில் ஸ்வீடனில் நடந்த பேருந்து விபத்தில் மெட்டாலிக்காவின் பேஸ்காரர் கிளிஃப் பர்ட்டன் இறந்தார். அவர் இடத்துக்கு ஏராளமானோர் வந்து வாசித்துக் காட்டினார்கள். அவர்களுள் ஒருவர் லெஸ் கிளேபூல், குழுவின் கிட்டாரிஸ்ட் கர்க் ஹேமட்டோடு பள்ளியில் படித்தவர். பேஸில் அவருக்கு வராத வித்தை இல்லை. ஆனால் ஹெவி மெட்டல் குழுவின் ஆடிஷனில் நின்றுகொண்டு, ஃபங்க் குழுவான ஐஸ்லி பிரதர்ஸின் பாட்டு ஏதாவது வாசிக்கலாமா என்று கேட்டுவைத்தார். வேலை கிடைக்கவில்லை. 'பிரைமஸ்' என்னும் தம் குழுவில், யாரும் தடுக்காமல், விரும்பியபடி வாசித்துப் புகழ்பெற்றார்.

தேர்வானவர் ஜேசன் நியூஸ்டெட். அவர் செய்த தந்திரம் மிகவும் சாதாரணமானது. அவர்களுடைய பாட்டுகளை மொத்தமாக மனப்பாடம் செய்துகொண்டு போனார். இந்த ஆய்வில் நம் கருதுகோளுக்கு நேரடியாக எதிர்நிற்கும் சான்று இது ஒன்றே, ஆகையால் ஆய்வு மரபுப்படி இதை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஆடிஷனுக்குப் போகிறவர் ஒதுக்கக் கூடாது. 1988-இல் வந்த அவர்களுடைய அடுத்த ஆல்பத்தில் நியூஸ்டெட்டின் பேஸைக் கேட்க முடியாதபடி ஒலிக்கலவையில் அமுக்கிவிட்டார்கள் என்பது தனிக்கதை. பேஸ்காரர்கள் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

2001-இல் நியூஸ்டெட்டும் விலக, 2003-இல் மறுபடி ஆடிஷன். இம்முறை எல்லாம் ஆவணப்படத்துக்காகப் படமெடுக்கப்பட்டது. ராபர்ட் ட்ருஹியோ முதல்நாள் வாசிக்கவில்லை. அன்றிரவு டிரம்மர் லார்ஸ் உல்ரிக்கோடு குடிக்க உட்கார்ந்து, மறுநாள் தலைவலியோடு வந்து, அக்குழுவின் அதிவேகப் பாட்டுகளுள் ஒன்றான 'பேட்டரி'யை விரலாலேயே வாசித்தார். பத்து லட்சம் டாலர் முன்பணத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். முந்தின இரவு குடிக்கும் பகுதியை முதல் ஆடிஷனுக்குப் போகிறவர்கள் பின்பற்ற வேண்டியதில்லை.

ஒலியியல்

பேஸின் அடித்தந்தியான 'இ' நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அதன் ஒலியலை ஒன்றின் நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகம். அந்த அலையில் பாதியளவு, அதாவது நான்கு மீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள ரிகர்சல் அறையில் அது எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் தேங்கி நிற்கும். சுவரோரம் சோபாவில் சாய்ந்து தீர்ப்பெழுதிக்கொண்டிருக்கும் பாடகருக்கு நெஞ்செலும்பு அதிரும். அறை நடுவில் நிற்கும் பேஸ்காரருக்கோ தம் சுரம் காணாமற்போனது போலிருக்கும். உடனே அவர் வால்யூமைக் கூட்டுவார். பல ஆடிஷன்களின் சோகம் இங்கேதான் தொடங்குகிறது. கூட்டாமல், இரண்டடி நகர்ந்து நின்று பார்ப்பது அறிவியல் நெறி.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனிதச் செவி தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தமானது என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வரைபடம் போட்டுக் காட்டினார்கள். கிட்டார் ஆம்ப் 30 வாட்டில் கத்தும் அறையில் பேஸ் ஆம்ப்புக்குப் பன்மடங்கு வாட் தேவைப்படுவது அதனால்தான். செல்பேசி ஸ்பீக்கரோ 41 அதிர்வைத் தொடவே தொடாது. மேல்சுரங்களைக் கொண்டு காதுதான் இல்லாததை இட்டுநிரப்பிக்கொள்ளும். ஆகவே ஆடிஷன் பாட்டைச் செல்பேசியில் ஒலிக்கவிட்டுப் படித்தவர் பேஸ் வரியைத் தாமே இயற்றியவராவார். ஹெட்போன் கட்டாயம். இளையராஜாவின் பாட்டை வானொலியில் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவிட்டு ஒருநாள் ஹெட்போனில் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிழையின் பொருளாதாரம் விசித்திரமானது. கிட்டார்க்காரர் 'சி' கார்டை வாசிக்கும்போது பேஸ்காரர் தவறி 'ஏ'யை அடித்தால், காதில் விழுவது 'ஏ மைனர் செவன்'. ஒற்றை விரலால் அடுத்தவர் கார்டையே மாற்றிவிட முடிகிற பதவி குழுவில் வேறில்லை. நடுங்காமல் வாசித்தால் பாதிப்பேர் கிட்டார்க்காரரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ஒற்றை விரல் என்றதும் மோட்டவுன் இசை நிறுவனத்தின் ஜேம்ஸ் ஜேமர்சனைச் சொல்லாமல் விட முடியாது. வலக்கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து டெட்ராயிட்டின் எத்தனையோ வெற்றிப்பாடல்களைத் தாங்கிப்பிடித்தவர். தந்தியை மாற்றுவதே இல்லை. முதல் ஆடிஷனுக்கு முன்தினம் புதுத்தந்தி மாட்டுவதா வேண்டாமா என்று தூக்கம் இழப்போர்க்கு இது ஆறுதல்.

நடைமுறையியல்

சொல்லப்பட்ட பாட்டுகளை வேர்ச்சுரங்களில், டிரம்ஸின் கிக்கோடு ஒட்டி, முதலிலிருந்து கடைசிவரை நிற்காமல் வாசிக்கப் பழக வேண்டும். அலங்காரம் பிறகு. எந்தப் பதிப்பு, எந்தக் கீ என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும், ஏனெனில் பாடகருக்காக எல்லாவற்றையும் அரைச்சுரம் இறக்கி வைத்திருக்கும் குழுக்கள் உண்டு. ஹெண்ட்ரிக்ஸ் பெரும்பாலும் அப்படித்தான் வாசித்தார். ஆக்டிவ் பேஸ் என்றால் ஒன்பது வோல்ட் பேட்டரி புதிதாக ஒன்று பையில் இருக்கட்டும். கேபிளைச் செருகி வைத்திருந்தாலே பெரும்பாலான பேஸ்களில் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும், அது தீரத் தேர்ந்தெடுக்கும் நேரம் எப்போதும் இரண்டாவது பாட்டின் நடுப்பகுதிதான். ட்யூனர், இரண்டு கேபிள். பாட்டுகளுக்கு நடுவே மற்றவர்கள் பேசும்போது ஸ்லாப் அடித்துக் காட்டக் கூடாது. கிளேபூலையே அனுப்பிவிட்டார்கள்.

புறநடை

பேஸ்காரரை உண்மையில் தேர்ந்தெடுப்பவர் யார் என்பதற்கும் சான்று கிடைத்திருக்கிறது. 1993-இல் வைமன் விலகியதும் ரோலிங் ஸ்டோன்ஸ் பலரை அழைத்து வாசிக்கக் கேட்டது. முடிவை டிரம்மர் சார்லி வாட்ஸிடம் விட்டுவிட்டார்கள். அவர் கைகாட்டியது, ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடு வாசித்திருந்த டேரில் ஜோன்ஸை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர்தான் வாசிக்கிறார், அதிகாரபூர்வ உறுப்பினராக மட்டும் இன்னும் ஆக்கவில்லை.

ஆகவே ஆடிஷனுக்குப் போகிறவர்கள் பாடகரையும் கிட்டார்க்காரரையும் விட்டுவிட்டு டிரம்மரின் வலக்காலைப் பார்த்தபடி நிற்கவும். முடிந்ததும் கேபிளைச் சுருட்டி மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளவும். தேர்வாகாதவர் கேபிளுக்காக மறுபடி அந்தக் கதவைத் தட்டுவது மிகவும் சங்கடம்.