ஹார்ன் அடிக்காத நாலு மணி நேரம்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிப் போகும் சாலை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். மே மாதத்தில் காரில் சுற்றுகிறவர்கள் அந்த ஐந்து கிலோமீட்டரும் பார்ப்பது ஏரியை அல்ல, முன்னால் நிற்கும் வண்டியின் பின்கண்ணாடியை. அதில் குலதெய்வத்தின் பெயரும் பிள்ளைகளின் பெயர்களும் வயது வரிசைப்படி ஒட்டியிருக்கும். படித்து முடித்த பிறகும் வண்டி நகராது. மறுபடியும் படிப்பார்கள். ஊர் திரும்பியதும், "ஏரி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் கூசாமல் "சூப்பர்" என்பார்கள்.

நான் சைக்கிள் கட்சி. ஏரிச் சாலையில் தினமும் காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை மோட்டார் வண்டி ஓடக் கூடாது என்பதே எங்கள் கட்சியின் ஒரே கொள்கை. கட்சியில் நானும் என் மைத்துனரும் இருக்கிறோம். மைத்துனர் சமீபத்தில் கார் வாங்கிவிட்டதால் செயற்குழுவுக்கு அவரை அழைப்பதில்லை.

வரலாறு எங்கள் பக்கம்தான். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்சு, ஓடையை மறித்து இந்த ஏரியை உண்டாக்கியது 1863இல். கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கியது 1886இல். பெடல் வைத்த சைக்கிளோ பாரிஸ் தெருக்களில் தலைகாட்டியது அதே 1860களில். ஆக ஏரியும் சைக்கிளும் ஒரு வயதுக்காரர்கள். கார் இருபது வருஷம் கழித்துப் பிறந்த பொடியன். வயதுக்கு மரியாதை கொடுக்கும் ஊரில் இந்த ஒரு வாதமே போதும் என்று நினைத்து மனுவில் முதல் பத்தியாக எழுதினேன்.

மனுவை வாங்கிய அதிகாரி அந்தப் பத்தியைத் தாண்டவே இல்லை.

"சார், டூரிஸ்ட் எல்லாம் ஃபேமிலியா வர்றாங்க. சைக்கிள்ல எப்படி?"

"மலை ஏறும்போது காரில் ஏறட்டும். ஏரியைச் சுற்றும்போது மட்டும்தான் இறங்கச் சொல்கிறோம்."

"கூட வயசான பாட்டி இருந்தா?"

நியாயமான கேள்வி. பாட்டிக்கு பேட்டரி வண்டி, கரையோர வீடுகளுக்கும் ஆம்புலன்சுக்கும் விலக்கு, பத்து மணிக்கு மேல் பழையபடி என்று மூன்றாம் பக்கத்தில் விவரமாக எழுதியிருந்தேன். அவர் மூன்றாம் பக்கம் போகவில்லை. சீல் மட்டும் பளிச்சென்று விழுந்தது.

உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்குள் வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் கட்டினார்கள். நல்ல காரியம். ஆனால் ஒரு வண்டிக்கு ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 4,000 வண்டிக்கு இருபது கிலோமீட்டர் ஆகிறது. ஏரிக்கு நாலு சுற்று மாலை போடலாம். அதுவும் வார நாள் மாலை!

இத்தனைக்கும் சைக்கிளுக்கு இதைவிடத் தோதான சாலை மலையில் எங்கும் கிடையாது. சுற்றிலும் மேடும் பள்ளமுமான ஊரில், கரையை ஒட்டியே வளைவதால் இந்த ஒரு சாலை மட்டும் பெரும்பாலும் சமதளம். முழங்கால் வலிக்காரரும் அரை மணியில் சுற்றிவிடலாம். வாடகை சைக்கிள்களும் கரையிலேயே வரிசையாக நிற்கின்றன. அவற்றைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். "கியர் சைக்கிள் சார்" என்று பையன் தருவான். கியர் இருக்கும், மாறாது. பெல்லைத் தவிர எல்லாம் சத்தம் போடும் என்ற பழைய ஜோக் அங்கேதான் பிறந்திருக்க வேண்டும்.

இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிளும் உண்டு. அதில் பின்னால் இருப்பவர் மிதிக்கிறாரா என்பது முன்னால் இருப்பவருக்குத் தெரியாது. என் மனைவி பின்னால் உட்கார்ந்து, "அந்த மரத்தைப் பாருங்க, அந்தப் பூவைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மூச்சு வாங்காமல் ஒருத்தி இத்தனை பூக்களைக் காட்ட முடிகிறதே என்று சந்தேகம் வந்து கேட்டேன். "நானும்தான் மிதிக்கிறேன்" என்றாள். இந்த விஷயத்தில் விசாரணைக் கமிஷன் வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

வேறு ஊர்களில் இதெல்லாம் செய்து பார்த்துவிட்டார்கள். ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்துக்குள் சுற்றிப் பார்க்க வாடகை சைக்கிளும் ரிக்‌ஷாவும்தான். ரிக்‌ஷாக்காரரே பறவையின் பெயரையும் சொல்லிக்கொண்டு வருவார். எங்கே திரும்பினாலும் கார் இருக்கும் அமெரிக்காவிலேயே, ஸ்மோக்கி மலைப் பூங்காவில் கேட்ஸ் கோவ் என்ற 11 மைல் வளையச் சாலையைக் கோடையில் புதன்கிழமைதோறும் நாள் முழுக்கக் கார்களுக்கு மூடிவிடுகிறார்கள். கரடி தெரிந்தால் அத்தனை பேரும் காரை நிறுத்திவிட்டு நெரிசல் உண்டாக்கும் சாலை அது. நமக்குக் கரடிகூட வேண்டாம், சுட்ட சோளக்கதிர் தெரிந்தாலே போதும்.

எங்கள் கட்சி பேராசைக் கட்சி இல்லை. பேரிஜம் பக்கத்துக் காட்டையோ சோலைகளையோ நாங்கள் கேட்கவில்லை. அங்கே போக வனத்துறை அனுமதி வேண்டும் என்பது சரியான ஏற்பாடு. காட்டெருமை எதிரே வந்தால் பெல் அடித்து ஒதுங்கச் சொல்லும் துணிச்சல் எங்களில் யாருக்கும் இல்லை, அந்த பெல்லும் அடிக்காது. கேட்பது ஐந்து கிலோமீட்டர், நாலு மணி நேரம். அதுவும் பாதிப் பேர் ஓட்டல் அறையில் இரண்டாவது காபிக்குக் காத்திருக்கும் நேரம்.

எனவே இந்த சீசனில் கொடைக்கானல் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். காரை ஓட்டலிலேயே விட்டுவிட்டு காலை ஆறரைக்கு ஏரிக்கரைக்கு வாருங்கள். வாடகை சைக்கிள் எடுத்தால் பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். அடுத்த மனுவில் கையெழுத்துப் போடப் பேனா நான் கொண்டுவருகிறேன்.