மறுபடி படிக்கப் போகிறவர்

மறுபடி படிக்கப் போகிறவர் என்பவர், படிப்பை விட்டு ஐந்தாறு வருடமாவது ஆனவர். திரும்பச் சேர்வதற்கு இன்னும் ஒரே ஒரு விவரம் மட்டும் தெரியவேண்டியவர். சாத்தூர், சிவகாசி, விருதுநகர் வட்டாரத்தில் ஊருக்கு ஒருவராவது உண்டு. இருக்கன்குடியில் இவரைப் பார்க்க நினைப்பவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுகிற அந்த ஊரில், மாரியம்மனைக் கும்பிட வரும் கூட்டத்துக்கு நடுவே உள்ளூர்க்காரர் ஒருவரைப் பிடிப்பது லேசில்லை. மற்ற நாட்களில் சாத்தூர் பஸ்ஸுக்காக, கக்கத்தில் ஃபைலை இடுக்கிக்கொண்டு நிற்பார்.

கோயிலின் தலக்கதைக்கும் இவருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ஆற்று மணலில் சாணி பொறுக்க வந்த சிறுமி கூடையைக் கீழே வைத்தாள், பிறகு தூக்க முடியவில்லை, அந்த இடத்தைத் தோண்டியபோது அம்மன் சிலை கிடைத்தது என்பது கதை. இவரும் பிளஸ் டூ முடித்த கையோடு புத்தகப் பையைச் சற்றே கீழே வைத்தவர்தான். இவர் விஷயத்தில் தோண்டும் வேலை இன்னும் முடியவில்லை.

பையை வைத்ததும் இவர் போவது ‘ஆபீசு’க்கு. இந்தப் பக்கம் தீப்பெட்டி செய்யுமிடம் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு செய்யுமிடம் பட்டாசு ஆபீஸ். அச்சகம் மட்டும் பிரஸ். மாப்பிள்ளை ஆபீஸ் போகிறார் என்று கேட்டுக் குளிர்ந்துபோகும் வெளியூர்ப் பெண்வீட்டார், அவர் விரலிடுக்கில் கழுவியும் போகாத அலுமினியப் பவுடர் மின்னுவதைப் பார்த்த பிறகே விவரம் புரிந்துகொள்வார்கள்.

படிப்பு நினைப்பு இரண்டு சமயங்களில் எழும். ஒன்று, ஆபீஸ் மூடும்போது. 2018 அக்டோபர் 23-ல் பட்டாசு பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. கையில் வேலையில்லாத மனிதனுக்குக் கீழே வைத்த பை கண்ணில் படும். இன்னொன்று, எங்கோ ஓர் ஆலையில் வெடி விபத்து என்று செய்தி வரும் நாள். அன்று சோறு போட்டுக்கொண்டே அம்மா பேச்சை எடுப்பார். அந்த ஒரு நாள் மட்டும் இவர் பதில் பேசுவதில்லை.

மறுநாள் விசாரணை தொடங்கும். கரஸ் என்று ஊரார் சுருக்கிச் சொல்லும் தபால் படிப்பில் இவருக்குத் தெரியாதது இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971-ல் அதைத் தொடங்கியதும், இக்னோ 1985-ல் வந்ததும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ல் வந்ததும் இவருக்கு மனப்பாடம். எதிலும் சேராததால் மூன்றின் மீதும் ஒரே மரியாதை. பி.எட். ஒரு வருடமாக இருந்தவரை செய்துவிடலாம் என்றிருந்தார். 2015-ல் அதை இரண்டு வருடமாக்கிவிட்டார்கள். பி.எட்.டுக்கு முதலில் ஒரு டிகிரி வேண்டும் என்பதை யாராவது நினைவுபடுத்தினால், அது தனி விஷயம் என்பார். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் பத்தாவது போதும். போதும் என்பதாலேயே பல லட்சம் பேர் எழுதுகிறார்கள். அவ்வளவு கூட்டத்தில் போய் நிற்பானேன்? பட்டாசு ஆலையில் போர்மேன் ஆவதற்கான பயிற்சி இவருக்கு மிகவும் பொருத்தமானது. மருந்துக் கலவை முதல் திரி வரை கை அறியும். ஆனால் பட்டாசிலிருந்து தப்பிக்கப் படிக்கிற படிப்பு, பட்டாசிலேயே கொண்டுபோய் விடலாமா என்று கேட்பார். கேள்வி நியாயமானதுதான்.

ஃபைலைக் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும். பட்டன் வைத்த பிளாஸ்டிக் உறை, வாங்கியபோது வெள்ளை. உள்ளே டி.சி. ஜெராக்ஸ் பன்னிரண்டு, மார்க் ஷீட் ஜெராக்ஸ் ஒன்பது, சாதிச் சான்று, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எட்டு. போட்டோவில் இருப்பவருக்கு முடி நெற்றியிலேயே ஆரம்பிக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் முதல் பட்டதாரிச் சான்று. குடும்பத்தில் அதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்று வருவாய்த்துறை தருவது. கட்டணச் சலுகைக்கு உதவும். வாங்கியபோது அதில் இருந்தது அத்தனையும் உண்மை. இடையில் தம்பி பி.காம். முடித்துவிட்டான். இனி அந்தத் தாள் எதற்கும் ஆகாது என்று தெரிந்தும் தூக்கிப் போட மனம் வருவதில்லை. தம்பியிடம் இதுபற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பேச்சும் கொஞ்சம் குறைவு.

சாத்தூரில் ஜெராக்ஸ் கடைக்காரர் இவரை நன்றாக அறிவார்.

“அண்ணாச்சி, எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு.”

“இந்த வருஷம் எதுக்குப்பா?”

“இன்னும் முடிவு பண்ணல. கையில இருக்கட்டும்.”

காப்பி எடுத்த கையோடு கால் கிலோ காராச்சேவும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார். அன்றைய விசாரணையில் வீட்டார் கையில் கிடைப்பது அதுதான்.

அவசரப்படுத்துகிறவர்களுக்கு இவர் சொல்லும் பதில் கல்கத்தா. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய், மாதக்கணக்கில் தங்கித் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது. லேபிள் ஒட்ட வேண்டியிருந்ததால் அச்சும் வளர்ந்தது. 1963-ல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி என்று ஒரு கல்லூரியே எழுந்தது. “அவங்களும் போய்ப் பாத்துட்டுத்தான தொடங்குனாங்க?” என்பார். அவர்கள் ரயிலேறினார்கள் என்பதை வீட்டில் யாராவது எடுத்துச் சொன்னால், கல்கத்தாவுக்கு இப்போது எந்த ரயில் வசதி என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்.

இத்தனை விசாரணையும் வீண் என்று சொல்லிவிட முடியாது. எந்தச் சான்றுக்கு எங்கே போக வேண்டும், கான்டாக்ட் கிளாஸ் எந்த ஊரில், பத்து, பன்னிரண்டு, டிகிரி என்ற வரிசை தவறினால் அரசு வேலையில் என்ன சிக்கல் என்பதெல்லாம் ஊரில் இவருக்குத்தான் தெரியும். ஜூன் மாதத்தில் அத்தை பேரனும் எதிர்வீட்டுப் பெண்ணும் இவரைத் தேடி வருவார்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பார், கூடவே பஸ் ஏறிப் போவார், ஜெராக்ஸ் குறைந்தால் கைக்காசில் எடுத்துக் கொடுத்துவிட்டு வருவார். அவர்கள் முடித்துவிட்டு வேலைக்கும் போய்விடுகிறார்கள். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது “மாமா, நீங்க சேந்துட்டீங்களா?” என்று கேட்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இங்கிதம் போதாது.

சேராமல் இருப்பதற்கு இவரை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. வருடம் அப்படி அமைந்திருக்கிறது. சேர்க்கை மும்முரமாக நடப்பது ஆடியில். ஆடியில் யாரும் புதிதாக ஒன்றைத் தொடங்குவதில்லை. போதாததற்கு ஆடிக் கடைசி வெள்ளி இருக்கன்குடியின் பெரிய திருவிழா. வீடு முழுக்க விருந்தாளிகள். ஆவணி பிறந்தால் பட்டாசு ஆபீசில் தீபாவளி வேலை தலைக்கு மேல் ஓடும். ஃபீஸ் கட்டப் பணம் என்று கைக்கு வருவது தீபாவளி போனஸ். அது வரும்போது சேர்க்கை முடிந்திருக்கும். இதற்கென்றே தொலைநிலைப் படிப்புகளில் ஜனவரிச் சேர்க்கை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்த ஒன்றுதான் இவரைச் சங்கடப்படுத்துவது. நல்லவேளையாக ஜனவரியின் முதல் பாதி மார்கழியில் போய்விடும். மிச்சத்துக்குப் பொங்கல் இருக்கிறது, தைக் கடைசி வெள்ளி இருக்கிறது. போனஸும் அதற்குள் வேறு வழியில் போயிருக்கும்.

நல்ல நாள் பார்க்க இவர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாடெங்கும் சுவரில் தொங்கும் காலண்டர்களில் பெரும்பகுதி சிவகாசியில் அச்சாவது. அடுத்த வருடத்துக்கான ஆல்பத்தை அங்கே ஆடிப் பதினெட்டன்றே வெளியிட்டுவிடுவது வழக்கம். இந்த வருடச் சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கும்போதே, பிரஸ்ஸில் இருக்கும் மச்சான் மூலமாக ஒரு மாதிரி காலண்டர் வீட்டுக்கு வந்துவிடும். இவர் அதை மடியில் விரித்து, அடுத்த ஆடிக் கடைசி வெள்ளி என்ன தேதியில் வருகிறது என்று பார்த்துப் பென்சிலால் வட்டம் போட்டு, ஃபைலில் டி.சி.க்கு மேலே வைத்துப் பட்டனைப் போடுவார்.